வாசகர் கேள்வி பதில்: உறுதிப் பெட்டியில் ஒரு பூட்டியின் பெயர்

கேள்வி: எங்கள் அம்மம்மா காலமான பின்னர், அவருடைய தகரப் பெட்டியிலிருந்த பழைய காணி உறுதிகளையும் கல்வெட்டு எனப்படும் இரண்டு நினைவு நூல்களையும் யாழ்ப்பாணத்திலிருந்து எடுத்து வந்தேன். அந்தக் காணிகள் எப்போதோ விற்கப்பட்டுவிட்டன. இவற்றைக் கொண்டு குடும்ப வரலாற்றை எழுதலாமென்று நினைக்கிறேன். ஆனால் அதனால் என்ன கிடைக்கப்போகிறது என்று வீட்டில் கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: பெட்டியை எவரும் ஒதுக்கிவிடாமல் முதலில் பத்திரப்படுத்துங்கள். விற்ற காணியின் உறுதிக்கு விலை இல்லையென்று எண்ணுவது நம் வீடுகளில் வழக்கம். என் அனுபவத்தில், குடும்பத்தைப் பற்றி அதைவிட நேர்மையாகப் பேசும் சாட்சி வேறில்லை.

நமக்குப் பரம்பரைப் பெயர் இல்லை. தகப்பன் பெயரே முதலெழுத்தாகிறது. ஆகவே வாய்வழியாக வம்சம் சொல்லும்போது தகப்பன், பாட்டன், பூட்டன் என்று ஆண்களின் பெயர்களே வரிசையாக வருகின்றன. பெண்களோ ‘ஆச்சி’, ‘பெத்தாச்சி’ என்ற முறைப்பெயர்களுக்குள் மறைந்துவிடுகிறார்கள். உறுதி அப்படி மறைப்பதில்லை. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்து, ஆங்கிலேயர் 1806இல் சட்டமாக ஏற்றுக்கொண்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறான தேசவழமை, சொத்தை முதுசம் (முன்னோர் வழி வந்தது), சீதனம் (மகளுக்கு மணத்தின்போது கொடுப்பது), தேடிய தேட்டம் (மணவாழ்வில் ஈட்டியது) என்று பிரித்துப் பார்க்கிறது. சீதனக் காணி பெரும்பாலும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்வதாகையால், உறுதியை எழுதிய நொத்தாரிசு (பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் சட்டத்தரணி) அந்தத் தாயின் பெயரையும் அவளுக்கு அது வந்த வழியையும் குறிப்பது வழக்கம். மேலும், முந்தைய உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவையும் அதிலேயே காணப்படும் என்பதால், ஓர் உறுதியைப் பிடித்துக்கொண்டு அதற்கு முந்திய தலைமுறைக்குச் செல்லலாம். இடம்பெயர்வில் மூலம் தொலைந்திருந்தாலும் மனம் தளரவேண்டாம்; நொத்தாரிசு அனுப்பிவைத்த இணைப்பிரதியைக் காணிப் பதிவகத்தில் விசாரிக்கலாம்.

என் பூட்டியின் பெயரை எங்கள் வீட்டில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. ஒரு சீதன உறுதியில்தான் அதைக் கண்டேன். அவருடைய தமையனார் ஆங்கிலத்தில் அழகாகக் கையொப்பமிட்டிருந்த அதே பக்கத்தில், பூட்டியின் பெயருக்கு நேரே பெருவிரல் அடையாளம் பதிந்திருந்தது. ஒரே வீட்டில் பிறந்த இருவரில் ஒருவர் பள்ளிக்கூடம் சென்றார், மற்றவர் செல்லவில்லை என்பதை அந்த மைத்தடம் எனக்கு உணர்த்தியது. அன்றுதான் என் அம்மம்மா, தம் மகள்களைப் படிக்கவைக்க வேண்டுமென்று பிடித்த பிடிவாதத்தின் காரணம் எனக்கு விளங்கியது. என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

கல்வெட்டுகளைப் பொறுத்தவரை, முப்பத்தோராம் நாளில் வெளியிடப்படும் அந்த நினைவு நூல்களில் வம்சாவளியும், இறந்த நாளைச் சொல்லும் செய்யுளான திதி வெண்பாவும் இருக்கும். வெண்பாவிலுள்ள ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருவதை மறவாதீர்கள்: பிலவ ஆண்டு என்றால் அது 1901ஆகவும் இருக்கலாம், 1961ஆகவும் இருக்கலாம். உறவினரின் கல்வெட்டுகள் சில நூலகம் என்ற மின்னூலகத்திலும் கிடைக்கக்கூடும்.

ஒன்றை மட்டும் வேண்டிக்கொள்கிறேன். வம்சம் தேடுவோர் சிலர் சாதிப் பெருமையில் போய் நிற்பதைக் கண்டு வருந்தியிருக்கிறேன். ஒல்லாந்தர் காலத்துக் காணி, குடிப் பதிவேடுகளான தோம்புகளிலே சாதியும் பதியப்பட்டிருக்கிறது. அது அக்காலம் மனிதரை எப்படி நடத்தியது என்பதற்கான சான்றே தவிர, நாம் மார்தட்டிக்கொள்வதற்கான பட்டயம் அன்று.

கேள்வி: என் தாத்தா அட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வந்தவர். எங்களுக்குக் காணியும் இல்லை, உறுதியும் இல்லை. எண்பது வயதைக் கடந்த பாட்டி மட்டும் எங்களோடு இருக்கிறார். நாங்கள் எங்கிருந்து தொடங்குவது?
வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: காணி இல்லாதவர்களுக்கு வரலாறு இல்லையென்று நினைத்துவிடாதீர்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்ததை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்ததை நிரூபிக்கும்படி உங்கள் குடும்பத்தைப் போன்ற இந்திய வம்சாவளியினர் லட்சக்கணக்கானோரிடம் கேட்டது. இரு நாட்டுப் பிரதமர்களும் செய்துகொண்ட 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. இந்த அநீதியின் ஊடாக எழுந்த விண்ணப்பங்களும் பிரஜாவுரிமைப் பத்திரங்களும் கடவுச்சீட்டுகளும் இன்று உங்களுக்கு உறுதிகளாகின்றன. பிறந்த இடம், மனைவி, பிள்ளைகள் முதலிய விபரங்கள் அவற்றில் இருக்கக்கூடும். கப்பலேறிய உறவினர் தமிழ்நாட்டில் இருந்தால், அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட குடும்ப அட்டையைப் பற்றியும் கேளுங்கள். தாத்தாவின் பிறப்புப் பதிவின் பிரதிக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

நம்மில் பெரும்பாலோர் கையிலுள்ள பிறப்புச் சான்றிதழில் பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவர் பெயர், பூட்டனார் பிறந்தவராயின் அவர் பெயர் என்று தனி நிரல்கள் இருப்பதைப் பாருங்கள். பாட்டிக்கும் பூட்டிக்கும் அதில் இடமே இல்லை. ஆகவே காரியாலயங்களுக்குச் செல்வதற்கு முன், இன்று மாலையே பாட்டியின் அருகில் அமர்ந்து, அவருடைய தாயின் பெயரையும், அந்தத் தாயைப் பெற்றவளின் பெயரையும், அவர்கள் கொழுந்து பறித்த தோட்டத்தின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.