பழைய போனில் வேறு இயங்குதளம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் ஆண்ட்ராய்டு போனுக்குக் கம்பெனி அப்டேட் தருவதை நிறுத்திவிட்டது. போன் நன்றாகத்தான் இருக்கிறது. ஆண்ட்ராய்டின் மூல நிரலிலிருந்து தன்னார்வலர்கள் உருவாக்கும் லீனியேஜ் ஓஎஸ் ஏற்றலாம் என்கிறார்கள். என்ன பார்க்க வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

பதில்: முதலில் போனின் குறியீட்டுப் பெயரை, அதாவது அந்த மாடலின் உள்பெயரை, கண்டுபிடியுங்கள். பெட்டியில் அச்சிட்ட பெயரை மட்டும் நம்பி ரோம் (போனில் ஏற்றும் இயங்குதளக் கோப்பு) இறக்கக் கூடாது. சாம்சங் கேலக்ஸி எஸ் வரிசையில் ஒரே பெயருள்ள போன் சில நாடுகளில் எக்ஸினோஸ் சிப்போடும் வேறு சில நாடுகளில் ஸ்னாப்டிராகன் சிப்போடும் விற்பனையானது. ஒன்றுக்கான ரோம் மற்றதில் ஓடாது. ஒன்பிளஸ் 6 என்றால் ‘என்சிலாடா’, 6டி என்றால் ‘ஃபஹிட்டா’ என்று லீனியேஜ் பட்டியலில் ஒவ்வொரு மாடலுக்கும் தனிப் பெயர் உண்டு. உங்கள் போன் பட்டியலில் இல்லையென்றால், ‘கிட்டத்தட்ட அதே போன்தானே’ என்று வேறொன்றின் கோப்பை ஏற்றிப் பார்க்காதீர்கள். போன் எழவே எழாத செங்கல்லாகப் போவதற்கு இதுதான் நேர்வழி.

அடுத்து, பூட்லோடர் (போனை எழுப்பி இயங்குதளத்தைத் தொடங்கும் நிரல்) திறக்குமா, அதாவது அன்லாக் ஆகுமா என்று பாருங்கள். செட்டிங்ஸில் ‘பில்ட் நம்பர்’ வரியை ஏழு முறை தட்டினால் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ வரும். அதில் ‘ஓஇஎம் அன்லாக்கிங்’ சாம்பல் நிறத்தில் இருந்தால் முதலில் இணையத்தை இணைத்துப் பாருங்கள். அப்படியும் தட்ட முடியவில்லை என்றால் பெரும்பாலும் போனை விற்ற மொபைல் சேவை நிறுவனம் பூட்டிவைத்திருக்கிறது. அங்கேயே நிறுத்திவிடலாம்.

திறக்கும் என்றால் படங்கள், தொடர்பு எண்கள் எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றுங்கள். அன்லாக் செய்யும்போது போனில் உள்ள அனைத்தும் அழியும். கூகுள் கணக்கிலிருந்தும் வெளியேறிவிடுங்கள். லீனியேஜ் பக்கத்தில் உங்கள் போனுக்கு ‘இந்த ஆண்ட்ராய்டு பதிப்பின் ஃபர்ம்வேர் (சிப்களை இயக்கும் உள்நிரல்) இருக்க வேண்டும்’ என்று சொல்லியிருந்தால் அதற்கு மாறிய பிறகே தொடங்குங்கள். பலர் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிறகு சத்தம் வரவில்லை, சிம் தெரியவில்லை என்று ரோமைக் குறை சொல்கிறார்கள். மோடம், ஒலிச் சிப் போன்றவற்றின் ஃபர்ம்வேர் பெரும்பாலும் ரோமோடு வருவதில்லை. ஏற்கெனவே போனில் இருப்பதைத்தான் ரோம் பயன்படுத்துகிறது.

பிறகு கேபிளில் இணைத்த கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி, ஃபாஸ்ட்பூட் கருவிகளில் ‘ஏடிபி ரீபூட் பூட்லோடர்’, தொடர்ந்து ‘ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷிங் அன்லாக்’. பழைய மாடல்களில் ‘ஃபாஸ்ட்பூட் ஓஇஎம் அன்லாக்’. வால்யூம் பட்டனால் சம்மதம் சொன்னதும் அன்லாக் ஆகிவிடும். லீனியேஜின் சொந்த ரிக்கவரியை (இயங்குதளத்தை ஏற்ற உதவும் சிறு நிரல்) ஃபிளாஷ் செய்து, அதாவது போனில் எழுதி, அதற்குள் பூட் ஆகி, ‘ஃபார்மட் டேட்டா’ கொடுங்கள். ‘அப்ளை ஃப்ரம் ஏடிபி’ தேர்ந்தெடுத்து, கணினியிலிருந்து ரோம் ஜிப்பை ‘ஏடிபி சைட்லோட்’ கட்டளையால் அனுப்புங்கள். கணினியில் 47 சதவீதத்தில் நின்று, ‘ஃபெயில்ட் டு ரீட் கமாண்ட்: சக்சஸ்’ என்று வரலாம். பயப்பட வேண்டாம், அது முடிந்துவிட்டது என்றே பொருள். அந்த இடத்தில் கேபிளைப் பிடுங்குகிறவர்கள் நிறையப் பேர்.

கூகுள் செயலிகள் வேண்டுமென்றால் முதல் முறை போன் முழுதாகத் தொடங்கும் முன்பே ஏற்றிவிட வேண்டும். ரோம் ஏறியதும் ரிக்கவரியிலிருந்து மறுபடி ரிக்கவரிக்கே ரீபூட் செய்து, பிறகு கூகுள் செயலிகளின் ஜிப்பை அனுப்புங்கள். இரண்டு ஸ்லாட் (இயங்குதளத்தின் இரு பிரதிகளுக்கான இடங்கள்) உள்ள போன்களில் ரோம் எதிர் ஸ்லாட்டில் ஏறியிருக்கும். ரீபூட் செய்யாமல் அனுப்பினால் கூகுள் செயலிகள் தவறான ஸ்லாட்டுக்குப் போய்விடும். கையொப்பம் சரியில்லை என்று ரிக்கவரி எச்சரித்தால், அந்த ஜிப் லீனியேஜின் சாவியால் கையொப்பமிடப்படாதது என்பதுதான் காரணம். ‘யெஸ்’ கொடுக்கலாம்.

சாம்சங்கில் ஃபாஸ்ட்பூட் கிடையாது. டவுன்லோட் மோடும் ஓடின் அல்லது ஹைம்டால் மென்பொருளும் வேண்டும். கம்பெனி கையொப்பமில்லாத மென்பொருளை ஏற்றினால் நாக்ஸ் ஃபியூஸ் (சாம்சங்கின் பாதுகாப்பு அடையாளம்) நிரந்தரமாக எரியும். பிறகு பழைய மென்பொருளுக்கே திரும்பினாலும் கோப்புகளைப் பூட்டிவைக்கும் செக்யூர் ஃபோல்டர் வராது. அது தேவைப்படுபவர்கள் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரோம் நன்றாக ஓடுகிறது. ஆனால் வங்கிச் செயலி திறக்க மறுக்கிறது, நெட்ஃபிளிக்ஸ் படம் மங்கலாக வருகிறது. பூட்லோடரை மறுபடி பூட்டினால் சரியாகுமா?

பதில்: தயவுசெய்து பூட்டாதீர்கள். லீனியேஜ் இருக்கும் போனைப் பூட்டினால், கம்பெனியின் கையொப்பம் இல்லாத மென்பொருள் என்று பூட்லோடர் அதைத் தொடங்கவே விடாமல் நிறுத்தும்.

போன் மாற்றப்படாததுதானா என்று வங்கிச் செயலி கூகுளின் ‘பிளே இன்டெக்ரிட்டி’ சேவையைக் கேட்கிறது. பூட்லோடர் திறந்திருக்கிறது என்ற உண்மையைப் போனின் பாதுகாப்புச் சிப்பே கையொப்பமிட்டுச் சொல்வதால், ரோம் தானாக அதை மாற்றிச் சொல்ல முடியாது. அதை மறைத்துக்காட்டும் மாட்யூல்கள் (துணை நிரல்கள்) இன்று வேலை செய்து நாளை நின்றுபோகும். பணம் புழங்கும் செயலியை அதன்மேல் நிறுத்துவது சரியல்ல. வங்கியின் இணையதளத்தை பிரவுசரில் திறப்பது நல்லது. நெட்ஃபிளிக்ஸ் விஷயம் வைட்வைன் என்ற நகல் தடுப்பு முறையின் நிலை எல்1-லிருந்து எல்3-க்கு இறங்கியதால் வருவது. எல்3-யில் எச்டி தரமாட்டார்கள்.

பூட்டிய பூட்லோடரும் மாற்று இயங்குதளமும் சேர்ந்தே வேண்டும் என்றால் கூகுளின் பிக்சல் போனில் கிராஃபீன் ஓஎஸ் ஏற்றுங்கள். அதன் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவியைப் போனில் பதித்துவிட்டு மறுபடி பூட்டலாம். தொடங்கும்போது மஞ்சள் எச்சரிக்கை வரும், பிழையில்லை. அதிலும் எல்லா வங்கிச் செயலிகளும் ஓடும் என்று உறுதி சொல்ல முடியாது.

கேள்வி: புதிய அப்டேட் பிடிக்கவில்லை. பழைய பதிப்புக்கே இறங்க முடியுமா?

பதில்: போனைப் பொறுத்தது. பிக்சல் 6, 6 புரோ, 6ஏ மூன்றும் 2022-இல் ஆண்ட்ராய்டு 13-க்கு மாறியபோது பூட்லோடரின் பதிப்பு எண் உள்ளே பதிவாகிவிட்டது. அதன் பிறகு வழக்கமான ஆண்ட்ராய்டு 12 கோப்புகளை ஏற்க மாட்டா. சியோமியிலும் இப்படி ஒரு எண் உண்டு. அதைப் பார்க்காமல் பழைய ரோமை ஃபிளாஷ் செய்தால் போன் எழாமலே போகலாம். ஐபோனில் ஆப்பிள் கையொப்பமிடுவதை நிறுத்திய பதிப்பை வழக்கமான வழியில் ஏற்ற முடியாது. ஏ5 முதல் ஏ11 வரையிலான சிப்களில் 2019-இல் வெளிவந்த ‘செக்எம்8’ என்ற பாதுகாப்பு ஓட்டை மட்டும் விதிவிலக்குக்கு வழி விடுகிறது. ஏ11 என்றால் ஐபோன் எக்ஸ் வரை.

கேள்வி: ஆண்ட்ராய்டே வேண்டாம், முழு லினக்ஸ் வேண்டும். உபுண்டு டச்சா, போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ்ஸா?

பதில்: கர்னல் (வன்பொருளோடு பேசும் இயங்குதளத்தின் மையப் பகுதி) எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், பதில் அதிலேயே இருக்கிறது. உபுண்டு டச்சை அதை உருவாக்கிய கேனோனிக்கல் நிறுவனம் 2017-இல் கைவிட்ட பிறகு யூபிபோர்ட்ஸ் குழு நடத்துகிறது. பெரும்பாலான போன்களில் அது ஹேலியம் என்ற அடுக்கின் வழியாக அந்தப் போனின் ஆண்ட்ராய்டு கர்னலையும் டிரைவர்களையுமே பயன்படுத்துகிறது. அதனால் கேமரா, ஜிபிஎஸ் எல்லாம் ஓரளவு வேலை செய்யும், ஆனால் கர்னல் பழையதாகவே தேங்கி நிற்கும். ஆல்பைன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ், லினக்ஸ் திட்டமே வெளியிடும் மூலக் கர்னலை ஓட்ட முயல்கிறது. டிரைவர்களை யாராவது புதிதாக எழுத வேண்டியிருப்பதால் கேமராவும் அழைப்பு ஒலியும் பல போன்களில் இன்னும் அரைகுறைதான். எழுதி முடித்த போனுக்கோ, கம்பெனி கைவிட்ட பிறகும் பல ஆண்டுகள் புதிய கர்னல் கிடைத்துக்கொண்டே இருக்கும். இந்த வேலை மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஒரு போனின் ஆயுளை நீட்ட இதைவிட உறுதியான வழி இல்லை.

சோதித்துப் பார்க்க ஒன்பிளஸ் 6 அல்லது போக்கோ எஃப்1 நல்ல தேர்வு. இரண்டும் ஸ்னாப்டிராகன் 845, அதன் மூலக் கர்னல் ஆதரவு நன்கு முன்னேறியிருக்கிறது. லினக்ஸ் கணினியில் ‘பிஎம்பூட்ஸ்ட்ராப்’ கருவியை இறக்கி, ‘இனிட்’டில் போனையும் திரை முகப்பையும் தேர்ந்தெடுத்து, ‘இன்ஸ்டால்’ கொடுத்து, பிறகு ஃபிளாஷ் செய்ய வேண்டும். முகப்புக்கு ஃபோஷ் அல்லது பிளாஸ்மா மொபைல் எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 2ஜி, 3ஜி நிறுத்தப்பட்ட இடங்களில் அழைப்பு வோல்ட்டியில் (4ஜி வழியே பேசும் முறை) மட்டுமே போகும். மாற்று இயங்குதளங்களில் வோல்ட்டி சில மாடல்களில்தான் இயங்குகிறது. அவசர அழைப்பும் இதில் அடங்கும். கையில் இருக்கும் ஒரே போனில் இதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: ஆண்ட்ராய்டு 4.4 போனில் எந்த இணையதளமும் திறக்கவில்லை. வைஃபை சரியாக இருக்கிறது.

பதில்: முதலில் தேதியைப் பாருங்கள். பேட்டரி முழுதாக இறங்கிய போன் பல ஆண்டு பின்னால் போய் நிற்கும், அப்போது இணையதளங்களின் எல்லாப் பாதுகாப்புச் சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். தேதி சரியென்றால் இரண்டு காரணங்கள். இணைப்பை மறைகுறியாக்கும் டிஎல்எஸ் 1.2 ஆண்ட்ராய்டு 4.1-லேயே இருந்தாலும், செயலிகளுக்கு அது தானாக இயங்குவது 5.0 முதல்தான். இன்னொன்று, பல தளங்களுக்குச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்டின் புதிய மூலச் சான்றிதழை 7.1.1-க்கு முந்தைய ஆண்ட்ராய்டு அறியாது. ஃபயர்ஃபாக்ஸ் தன் சொந்தச் சான்றிதழ்ப் பட்டியலை வைத்திருப்பதால், உங்கள் ஆண்ட்ராய்டில் ஓடும் கடைசிப் பதிப்பைப் போட்டால் பல தளங்கள் திறக்கும். அந்த பிரவுசருக்கும் பாதுகாப்பு அப்டேட் இல்லை என்பதால் படிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கடவுச்சொல் தட்டாதீர்கள்.

கேள்வி: விண்டோஸ் 95, பழைய நோக்கியா கேம்கள் இவற்றை இன்றைய போனில் ஓட்ட ரூட் (போனின் முழு நிர்வாக உரிமை) வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஜாவா கேம்களுக்கு ஜே2எம்இ லோடர், பழைய நோக்கியாவின் சிம்பியன் இயங்குதளத்துக்கு ஈகேஏ2எல்1, டாஸ் நிரல்களுக்கு டாஸ்பாக்ஸ் போதும். விண்டோஸ் 95-க்கு, போனுக்குள் ஒரு கணினியையே பாவனை செய்யும் லிம்போ. நினைவகம் 64 எம்பி கொடுங்கள். தாராளமாகக் கொடுப்போம் என்று சுமார் 480 எம்பியைத் தாண்டினால் விண்டோஸ் 95 தொடங்கவே தொடங்காது. ஐபோனில் அதே வகையான யூடிஎம் எஸ்இ இருக்கிறது, ஆனால் நிரலை ஓடும்போதே மொழிமாற்றி வேகப்படுத்தும் ஜேஐடி அனுமதி இல்லாததால் மெதுவாகத்தான் ஓடும்.

கேள்வி: ஃபிளாஷ் நடுவில் கேபிள் கழன்றுவிட்டது. திரை கறுப்பாகவே இருக்கிறது. போன் போய்விட்டதா?

பதில்: அநேகமாக இல்லை. பவரையும் வால்யூம் குறைப்பையும் சேர்த்து அரை நிமிடம் அழுத்துங்கள். ஃபாஸ்ட்பூட் வந்தால் அதே கோப்பை மறுபடி அனுப்பினால் போதும். வேறு கேபிள், யூஎஸ்பி 2 போர்ட், இடையில் ஹப் இல்லாமல். ஃபாஸ்ட்பூட்டும் வராமல், கணினியில் ‘குவால்காம் 9008’ என்று ஒரு சாதனம் தெரிந்தால் போன் ஈடிஎல் என்ற அவசர மீட்பு மோடில் இருக்கிறது. உங்கள் மாடலுக்கான கையொப்பமிட்ட லோடர் கோப்பு கிடைத்தால் மீட்கலாம். மீட்கும்போது எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்கும் தேர்வை மட்டும் தொடாதீர்கள். ஐஎம்இஐ எண்ணும் ரேடியோ அளவீடுகளும் இருக்கும் பார்ட்டிஷன்கள் (சேமிப்பகப் பகுதிகள்) ஒவ்வொரு போனுக்கும் தனியானவை. அவை அழிந்தால் வேறு போனிலிருந்து நகலெடுத்து வைக்க முடியாது.