91 எடுத்தும் மானியம் கிடைக்கவில்லையா?

வணக்கம். அமெரிக்கக் கல்வித் துறைக்கு அனுப்பிய விண்ணப்பம் நூற்றுக்கு 91 பெற்றும் நிதி கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. ஆனால் 91 மோசமான மதிப்பெண் இல்லை.

இது பரீட்சை மாதிரி இத்தனை எடுத்தால் பாஸ் என்ற கணக்கு அல்ல. வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர்கள் தனித்தனியாகப் படித்துப் புள்ளி போடுவார்கள். அதை வைத்து எல்லா விண்ணப்பங்களையும் வரிசைப்படுத்துவார்கள். மேலிருந்து நிதி கொடுத்துக்கொண்டே வந்து, பணம் தீர்ந்த இடத்தில் கோடு விழும்.

விண்ணப்பம் கேட்டு துறை வெளியிட்ட அறிவிப்பில் முன்னுரிமைகள் என்ற பகுதியை, அதாவது துறை எந்த விஷயங்களுக்கு முக்கியத்துவம் தருகிறது என்பதை, திரும்பப் பாருங்கள். கட்டாய முன்னுரிமையைப் பூர்த்தி செய்யாவிட்டால் விண்ணப்பத்தையே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். போட்டி முன்னுரிமைக்கோ பெரும்பாலும் கூடுதல் புள்ளி உண்டு. அதை நீங்கள் தொடாமல் விட்டிருந்தால், நூறைத் தாண்டியவர்கள்கூட உங்களுக்கு முன்னால் நின்றிருக்கலாம். துறை வெறுமனே ஆர்வம் காட்டும் அழைப்பு முன்னுரிமைக்குப் புள்ளி கிடையாது, அதில் பக்கங்களை வீணாக்காதீர்கள்.

அடுத்து, மதிப்பீட்டாளர்களின் குறிப்புத் தாள். ஒவ்வொரு அளவுகோலுக்கும் கீழே பலம், பலவீனம் என்று எழுதியிருப்பார்கள். நான் பார்த்தவரை புள்ளி அதிகம் கசிவது திட்ட மதிப்பீட்டுப் பகுதியில்தான், அதாவது திட்டத்தின் பலனை எப்படி அளப்பீர்கள் என்று நீங்கள் சொல்லும் இடத்தில். “மாணவர்களின் வாசிப்புத் திறன் மேம்படும்” என்று எழுதினால் போதாது. எந்த வகுப்பு, எந்தத் தேர்வு, இப்போது எவ்வளவு, எந்த மாதத்துக்குள் எவ்வளவு, யார் அளப்பார்கள் என்பதெல்லாம் வேண்டும். அறிவிப்பில் உள்ள அளவுகோல்களையே அதே வரிசையில் தலைப்புகளாக வையுங்கள். மதிப்பீட்டாளர் தேடக் கூடாது.

அந்தத் தாளில் பலவீனம் என்று இருப்பதை மட்டும் இங்கே தட்டச்சு செய்து போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.