வரலாற்றுப் போர்களை மேசையில் ஆடும் ‘சல்யூட்’ நிகழ்வுக்கு ஒரு நாள் ஒதுக்கிப் போய்வரலாமா?

வரலாற்றில் ஆர்வம் உண்டு, ஆனால் சிறு படைவீரர் பொம்மைகளை வைத்து ஒருமுறைகூடப் போர் விளையாட்டு ஆடியதில்லை, அப்படிப்பட்டவர் குடும்பத்துடன் லண்டனில் நடக்கும் ‘சல்யூட்’ நிகழ்வுக்குப் போனால் நாள் முழுவதும் பார்க்க ஏதாவது இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் உள்ளே நுழைந்ததும் கடைகளுக்குள் புகுந்துவிடாமல், புதியவர்களையும் சேர்த்துக்கொள்ளும் ஆட்டமேசை ஒன்றில் முதலில் இடம்பிடித்துவிடுங்கள். பொம்மைகளின் அழகைப் படத்திலும் பார்த்துக்கொள்ளலாம். ஒரு போரில் முடிவெடுக்க வேண்டியவனின் இக்கட்டு மேசைமுன் அமர்ந்தால்தான் புரியும்.

சவுத் லண்டன் வார்லார்ட்ஸ் என்ற ஆர்வலர் சங்கம் 1972-இல் தொடங்கிய நிகழ்வு இது. பல இடங்கள் மாறி, இப்போது கிழக்கு லண்டனில் உள்ள எக்ஸெல் அரங்கில், பெரும்பாலும் ஏப்ரல் மாதச் சனிக்கிழமை ஒன்றில் நடக்கிறது. எலிசபெத் ரயில் பாதையில் கஸ்டம் ஹவுஸ் நிலையத்தில் இறங்கினால் அரங்கம் எதிரிலேயே இருக்கிறது. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இங்கே வரலாறு மட்டும் இருக்காது. விண்வெளிப் போர்களும் டிராகன்களும் வாட்டர்லூவுக்குப் பக்கத்து மேசையிலேயே இருக்கும், குழந்தைகள் முதலில் அங்கேதான் ஓடுவார்கள். முழுக்க வரலாற்றையே நாடுகிறவர்களுக்கு இங்கிலாந்தின் நியூவார்க் நகரில் நடக்கும் ‘பார்ட்டிசான்’ நிகழ்வு இன்னும் பொருத்தமானது என்பது என் கருத்து.

மேசைகள் இரண்டு வகை. ஒரு சங்கத்தார் மாதக்கணக்கில் உழைத்து உருவாக்கிய போர்க்களத்தைத் தாங்களே ஆடிக்காட்டுவது ஒரு வகை. அதைச் சுற்றி நின்று பார்க்கலாம், கேள்வி கேட்கலாம், பொம்மைகளைத் தொடக்கூடாது. மற்றது, வழிப்போக்கர்களை அழைத்து உட்காரவைத்து, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆடிமுடிக்கும்படி விதிகளைச் சுருக்கி வைத்திருக்கும் மேசை. முதல் வகை கண்ணைப் பறிக்கும் என்றாலும், மைதானத்தின் அளவை உற்றுப் பார்த்தால் அதிலுள்ள சமரசம் தெரியும். இந்தப் பொழுதுபோக்கில் மிகப் பரவலான 28 மில்லிமீட்டர் பொம்மை ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு அளவுடையது. மைதானத்தையும் அதே அளவில் அமைத்தால் ஒரு கிலோமீட்டர் நிலத்துக்கு 16 மீட்டருக்கும் மேல் நீளமான மேசை வேண்டியிருக்கும். அதனால் நிலத்தைப் பல மடங்கு சுருக்கிவிடுகிறார்கள். ஒரே ஒரு பண்ணை வீடு ஊரளவு இடத்தை அடைத்துக்கொள்ள, இருபது பேர் முப்பது பேருக்கு ஒரு பொம்மை என்று கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். 6 மில்லிமீட்டர் பொம்மைகளை வைத்து ஆடுகிறவர்கள் இதைச் சொல்லியே மற்றவர்களைக் கிண்டல் செய்வார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் அவர்களுடைய படையணிதான் உண்மையான படையணியைப் போலத் தோன்றும்.

நானும் என் மகளும் உட்கார்ந்தது இரண்டாம் வகை மேசையில், லா ஹே சாந்த் என்ற பண்ணையைக் காக்கும் ஆட்டத்தில். 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனுடைய அணியின் நடுப்பகுதிக்கு முன்னால் இருந்த இந்தப் பண்ணையை, மேஜர் கேயோர்க் பாரிங் தலைமையில் பிரிட்டிஷ் மன்னரின் ஜெர்மானியப் படைப்பிரிவைச் சேர்ந்த ஏறக்குறைய 400 பேர் காத்து நின்றார்கள். பத்துப் பேருக்கு ஒன்று என்று என் கையில் நாற்பது பொம்மைகள். அவற்றின் கரும்பச்சைச் சீருடையில், தூரிகையின் ஒற்றை மயிரால் தொட்டது போல், பித்தான்கள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. மகள் பிரெஞ்சுப் படைக்குத் தலைமை ஏற்றாள். களஞ்சியத்துக்குக் கதவே இல்லாததைப் பார்த்து, மேசை அமைத்தவர்கள் அதை ஒட்ட மறந்துவிட்டார்களோ என்று அவள் கேட்டபோது, நடுவராக இருந்த முதியவர் மகிழ்ந்துபோனார். முந்தைய இரவு கொட்டிய மழையில் நனைந்த வீரர்கள் அந்தக் கதவை உடைத்து விறகாக எரித்துவிட்டார்கள், அடுத்த நாள் அந்தத் திறந்த வாசலில்தான் கடும் சண்டை நடந்தது என்று விளக்கினார்.

விதிகள் எளியவை. ஒவ்வொரு சுற்றிலும் என் ஆட்களை மூன்று வேலைகளுக்குப் பிரிக்க வேண்டும்: சுடுவது, வாசலை அடைப்பது, கூரையில் தீப்பிடித்தால் அணைப்பது. ஒருமுறை சுட்டால், தோட்டாக்களுக்கு அடையாளமாகக் குவித்து வைத்த மணிகளில் ஒன்று போய்விடும். மகள் கூரைக்குத் தீ வைத்துவிட்டாள். உண்மையிலும் அன்று பிற்பகல் கூரை பற்றியெரிந்தது. துணைக்கு வந்திருந்த, நாசாவ் என்ற ஜெர்மானியச் சிற்றரசின் வீரர்களுடைய பெரிய சமையல் பாத்திரங்களில் பண்ணைக் குளத்து நீரை மொண்டு வந்து ஊற்றி அணைத்தார்கள். நான் எட்டுப் பொம்மைகளைக் குளத்துப் பக்கம் நகர்த்தியதும், “அப்பா, இவங்க எல்லாரும் தண்ணி எடுக்கப் போயிட்டா வாசல்ல சுடுறது யாரு?” என்று அவள் கேட்டாள். எதிர்த்தரப்புத் தளபதி கேட்கக்கூடாத கேள்விதான்! ஆனால் அந்த நாளைப் பற்றி எத்தனை பக்கங்கள் படித்திருந்தும், தீயை அணைக்கப் போகும் ஒவ்வொரு ஆளும் வாசலில் குறையும் ஒரு துப்பாக்கி என்ற கணக்கு அதுவரை என் மனத்தில் தைத்ததில்லை.

இனி, எனக்கு உடன்பாடில்லாத விதி ஒன்று. தோட்டா குறையும்போது பின்னணிக்கு ஆள் அனுப்பி மேலும் கேட்கலாம்; பகடையை உருட்டி, அது வருகிறதா என்று பார்க்க வேண்டும். முதல்முறை கேட்டேன், வரவில்லை. இரண்டாம் முறை 6 விழுந்தும் வரவில்லை. எவ்வளவு வேண்டும் என்று கேட்டதற்கு நடுவர் புன்னகையுடன் விதித்தாளைத் திருப்பிக் காட்டினார்: 7. ஆறு முகப் பகடையில்! பாரிங் திரும்பத் திரும்பக் கேட்டும் அவருக்குத் தோட்டா வந்து சேரவில்லை. அவருடைய ஆட்கள் வைத்திருந்த பேக்கர் துப்பாக்கிக்கு வேண்டிய தோட்டா மற்றப் படைகள் பயன்படுத்தியதிலிருந்து வேறுபட்டது என்பதே அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். மாலை 6 மணி வாக்கில் பண்ணை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. வராததை வரும் என்று நம்பிக் காத்திருந்த பாரிங்கின் நிலையை ஆடுபவரும் உணர வேண்டும் என்பதற்காகவே அந்த 7 என்றார் நடுவர்.

அவருடைய நோக்கம் புரிகிறது. இருந்தாலும் நான் ஏற்கவில்லை. தோட்டா வராமல் போனது விதியின் தீர்ப்பா, அல்லது யாரோ சிலர் அன்று செய்யத் தவறிய வேலையா? இரண்டாவது என்று நான் கருதுவதால், மூன்று 6 விழுந்தால் ஒரு வண்டி வரும் என்றாவது வைத்திருக்க வேண்டும் என்று வாதாடினேன். பக்கத்து மேசைக்காரர் ஒருவரும் சேர்ந்துகொள்ள, பேச்சு ஆட்டத்தை விட நீண்டுவிட்டது. விதி எழுதுகிறவர் ஒவ்வொரு எண்ணிலும் ஒரு வரலாற்று முடிவைச் சொல்லிவிடுகிறார் என்பதால்தான் இந்த மேசைகள் எனக்குப் பிடித்திருக்கின்றன. 1824-இல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் தம் நாட்டு அதிகாரிகளின் பயிற்சிக்காக வெளியிட்ட ‘க்ரீக்ஸ்ஷ்பீல்’ என்ற போர் விளையாட்டு விதிகளிலும் பகடை உண்டு, நடுவர் உண்டு. அந்த நடுவரோடும் அதிகாரிகள் இப்படித்தான் மல்லுக்கு நின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

கடைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரி மினியேச்சர்ஸ், வார்லார்ட் கேம்ஸ் போன்ற நிறுவனங்களின் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் சுமார் நாற்பது காலாட்படையினர் இருப்பார்கள். ஆனால் கை, தலை, துப்பாக்கி எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி, வண்ணமும் நீங்களே தீட்ட வேண்டும். முதல் தடவையிலேயே பெட்டி பெட்டியாக வாங்காதீர்கள். வண்ணம் காணாத பொம்மைகளைப் பரணில் குவித்து வைத்திருக்காத ஆர்வலர் ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. பிறர் விற்கக் கொண்டுவரும் பழைய பொருள்களுக்கான பகுதியில் வண்ணம் தீட்டிய படைகளே மலிவாகக் கிடைக்கும், அங்கே கூட்டம் நெருக்கும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். நம் ஊர்ப் போர் ஒன்றை ஆட விரும்பினால், 1760 ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் பிரெஞ்சுத் தளபதி லாலியும் மோதிய வந்தவாசிப் போர் நல்ல தொடக்கம். ஏழாண்டுப் போர் காலத்து ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் எளிதாகக் கிடைக்கும். இந்தியச் சிப்பாய்களுக்குத்தான் கொஞ்சம் தேட வேண்டும்.

கால் வலிக்காத காலணியும், கையில் சாப்பாடும், குழந்தைகளுக்கு மதியத்துக்குப் பிறகு வெளியே போக ஒரு திட்டமும் இருந்தால் நாள் இனிதாகக் கழியும். மறுநாளும் லண்டனில் இருப்பீர்கள் என்றால், செல்சியில் கட்டணமின்றிப் பார்க்கக்கூடிய தேசிய ராணுவ அருங்காட்சியகத்துக்குப் போய், கேப்டன் வில்லியம் சைபோர்ன் உருவாக்கி 1838-இல் காட்சிக்கு வைத்த வாட்டர்லூ மாதிரியைப் பாருங்கள். மாலை 7 மணி வாக்கில் போர்க்களம் இருந்த நிலையை 70,000-க்கும் மேற்பட்ட தகரப் பொம்மைகளால் அவர் காட்டியிருக்கிறார். அந்த நேரத்தில், வெலிங்டனுக்குத் துணையாக வந்த பிரஷ்யர்களை எங்கே, எவ்வளவு தூரம் முன்னேறியவர்களாக நிறுத்துவது என்பதில் வெலிங்டன் தரப்புக்கும் அவருக்கும் பெரும் பிணக்கு உண்டாயிற்று. மாதிரியின் நடுப்பகுதியில், பிரஸ்ஸல்ஸ் சாலையை ஒட்டினாற்போல் லா ஹே சாந்த் இருக்கும். சைபோர்ன் தேர்ந்தெடுத்த அந்த நேரத்தில் அது ஏற்கெனவே பிரெஞ்சுக்காரர்கள் வசம் போய்விட்டிருந்தது.