தோட்டம் போயிருச்சு, என்னத்தக் காட்டுறது?

கேள்வி: வணக்கம்ணே. எங்க ரப்பர் தோட்டத்த வித்து ரொம்ப வருஷமாச்சு, தொழிலாளிங்க வரிசையா குடியிருந்த லயன் வீடு இருந்த எடத்துல இப்ப கோண்டோ அடுக்குமாடி. மிஞ்சினது மரம் சீவுற உளி, பால் புடிக்குற மங்கு, பால் வாளி, கொஞ்சம் போட்டோ, வருஷா வருஷம் நடக்குற ஒன்றுகூடல். பசங்க கண்காட்சி மண்டபம் வைக்கலாங்குறாங்க. கனடாவுல இருக்குற அக்கா மக, 'அக்காடியர் எப்படி செஞ்சாங்கன்னு பாருங்க மாமா'ங்குறா. யாருண்ணே அவங்க? - வாசகர், பட்டர்வொர்த்

பதில்: வெவரமான புள்ளதான். அக்காடியர்னா 1600கள்ல பிரான்ஸ்லேருந்து போயி இன்னைக்கு கனடாவுல நோவா ஸ்கோஷியாங்குற பக்கம் குடியேறினவங்க, கடல்தண்ணி ஏறுற சதுப்புல கரை கட்டி மதகு வச்சு வெள்ளாமை பாத்தவங்க, 1755ல பிரிட்டிஷ்காரன் வீட்டக் கொளுத்தி கப்பல்ல ஏத்தி ஊர் ஊரா செதறடிச்சுட்டான்.

கிராண்ட் பிரேங்குற ஊர்ல அவங்க காலத்து வீடு ஒன்னுகூட நிக்கல. அங்க இருக்குற சர்ச்சே 1922ல எழுப்புன நினைவுச் சின்னந்தான். ஆனா அந்தக் கரைக்குள்ள இன்னமும் வெவசாயம் நடக்குது, அந்த நெலத்தோட சேத்துத்தான் 2012ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல போட்டாங்க, நம்ம ஜார்ஜ்டவுனுக்கு 2008ல கெடச்சுதே அதே பட்டியல். அதனால கோண்டோவப் பாத்து நொந்துக்காதீங்க. கோயில் எங்க இருந்துச்சு, காலையில பேர் கூப்புடுற பெரட்டு எங்க நடந்துச்சு, பால் ஸ்டோரு எங்க, எந்த வீட்ல யாருன்னு பெருசுங்கள ஒக்கார வச்சு ஒரு வரைபடம் போடுங்க. சண்ட வரும், வரட்டும், அதுல பாதி கத வெளிய வந்துரும்.

இன்னொன்னு, அதே கனடாவுல நியூ பிரன்ஸ்விக் மாநிலத்துல காராக்கெட் பக்கம் 1977ல அக்காடியருக்குன்னு ஒரு காட்சிக் கிராமமே தொறந்தாங்க. பழைய வீடுங்களக் கொண்டாந்து வச்சு, அந்தக் காலத்து உடுப்புல ஆளுங்க ரொட்டி சுடுறாங்க, கொல்லு வேல செய்யுறாங்க. நீங்களும் உளிய கண்ணாடிப் பெட்டியில பூட்டாதீங்க, பால்மரம் வெட்டுன ஒரு பாட்டி கையில குடுங்க, கோடு எப்படி சாயணும், எவ்ளோ ஆழம் போனா மரம் காயப்படும்னு சீவிக் காட்டட்டும், பேரன் போன்ல புடிக்கட்டும்.

மண்டபத்துக்கு அவசரமே இல்ல, வாடகையும் கரண்டு பில்லும் யாரு கட்டுறது? ஒன்றுகூடல்தான் உங்க மொதலு. அக்காடியருங்களும் 1994லேருந்து அஞ்சு வருஷத்துக்கொரு தடவ மாநாடு போட்டு, குடும்பப் பேரு வாரியா கூடுறாங்க. நீங்க லயன் வாரியா மேச போடுங்க, ஆளுக்கு ரெண்டு போட்டோ எடுத்தாரச் சொல்லுங்க. பின்னாடி பேரெழுத பென்சில் போதும், பேனா மை ஊறிரும்.