ஜாவா நெல் கிராமத்தின் விவரத்தாளை எப்படிப் படிப்பது?

கேள்வி: ஊரக வளர்ச்சி முதுகலை படிக்கிறேன். மத்திய ஜாவாவில் க்ளாத்தென் மாவட்டத்தில் ஒரு சின்ன நெல் கிராமத்தில் இரண்டு மாதம் தங்கி, அந்த ஊரைப் பற்றி அறிக்கை எழுத வேண்டும். கிராம அலுவலகம் இரண்டு பக்க விவரத்தாள் அனுப்பியிருக்கிறது. ஊர்ப் பரப்பில் பெரும்பகுதி வயல் என்கிறது. தொழில் பட்டியலில் பார்த்தால் விவசாயிகள் கொஞ்சம்தான். இல்லத்தரசி, தனியார் ஊழியர், சுயதொழில் என்றுதான் நிறைய இருக்கிறது. எதை நம்புவது? போய் இறங்கியதும் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இரண்டையுமே நம்பலாம். யாருடைய நிலத்தில் யார் பாடுபடுகிறார்கள், விளைச்சலில் யாருக்கு எவ்வளவு போகிறது என்பதை மட்டும் எந்த விவரத்தாளும் சொல்லாது. உங்கள் இரண்டு மாதமும் அதற்கே போகட்டும்.

முதலில் தொழில் பட்டியல். அடையாள அட்டையிலும் குடும்ப அட்டையிலும் ஆளுக்கு ஒரு தொழில்தான் பதிவாகும். அந்தப் பதிவைக் கூட்டித்தான் பட்டியல் போடுவார்கள். ஜாவாவில் நாற்று நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்கள் கையில். விடியற்காலையில் சேற்றில் இறங்கும் அதே பெண் அட்டையில் 'வீட்டைக் கவனிப்பவர்'. க்ளாத்தென், யோக்யகர்த்தாவுக்கும் சூரகர்த்தாவுக்கும் இடையில் இருப்பதால் ஆண்கள் பலர் பைக்கில் நகரத்துக்குக் கட்டட வேலைக்கோ தொழிற்சாலைக்கோ போய்விட்டு, அறுவடை நேரத்தில் வயலிலும் நிற்பார்கள். அவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது? மக்கள்தொகை எண்ணிலும் இதே சங்கடம் உண்டு. ஜகார்த்தா, மலேசியா, ஹாங்காங், தைவான் என்று பிழைக்கப் போனவர்கள் குடும்ப அட்டையில் இருப்பார்கள்; ஊரில் அவர்களை ரம்ஜான் பெருநாளுக்குத்தான் பார்க்கலாம்.

'விவசாயி', 'விவசாயக் கூலி' என்று இரண்டு வரி இருந்தாலும் ஏமாந்துவிடாதீர்கள். இந்தோனேசியாவில் அரை ஹெக்டேருக்குக் குறைவாக நிலம் வைத்திருப்பவரை 'பெத்தானி குரெம்' என்பார்கள். 2013 விவசாயக் கணக்கெடுப்பிலேயே விவசாயக் குடும்பங்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். 2023 கணக்கெடுப்பில் பங்கு இன்னும் கூடிவிட்டது. இப்படிப்பட்ட ஒருவர் காலையில் தன் துண்டு வயலில் முதலாளி, மதியம் பக்கத்து வயலில் கூலி, வேறொருவர் நிலத்தில் விளைச்சல் பங்குக்குப் பயிரிடும் வாரதாரர் என்று மூன்று வேடமும் போடுவார். எனவே 'என்ன தொழில்?' என்று கேட்காதீர்கள். 'போன போகத்தில் எந்தெந்த வயலில் வேலை செய்தீர்கள், கைக்கு என்ன வந்தது?' என்று கேளுங்கள்.

இதற்கு வரும் பதில்களில் சில சொற்கள் திரும்பத் திரும்பக் காதில் விழும். 'மாரோ' என்றால் விளைச்சலில் சரிபாதி நிலக்காரருக்கு. 'மெர்த்தெலு' மூன்றில் ஒரு பங்குக் கணக்கு. அந்த ஒரு பங்கு யாருக்கு, விதையும் உரமும் யார் செலவு என்பது ஊருக்கு ஊர் மாறும், கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 'பாவோன்' என்பது அறுத்தவருக்குக் களத்திலேயே நெல்லாக அளக்கும் பங்கு. 'தெபாசன்' என்றால் கதிர் முற்றும்போதே நின்ற பயிரை வியாபாரிக்கு மொத்தமாக விற்றுவிடுவது; அறுப்பு அவர் பாடு, ஆளும் அவர் கூட்டி வருவார்.

என்னைக் கேட்டால் ஊரின் மாற்றம் முழுவதும் இந்தக் கடைசி இரண்டு சொற்களுக்கு நடுவில் இருக்கிறது. பழைய நீண்ட தாள் நெல்லை 'அனி-அனி' என்ற சின்னக் கைக்கத்தியால் பெண்கள் கதிர் கதிராக அறுத்தார்கள். யார் வந்தாலும் அறுக்கலாம், பங்கு உண்டு. நிலமில்லாத வீட்டுக்கும் நெல் போனது. 1960களின் கடைசியிலிருந்து குட்டை ரகங்கள் பரவ, அரிவாள் வந்தது, ஆள் குறைந்தது, தெபாசன் வியாபாரி தன் ஆட்களோடு வந்தார். இப்போது அறுவடை இயந்திரமும் வருகிறது. போன அறுவடையை யார் அறுத்தார்கள், கூலி நெல்லா பணமா என்ற ஒரே கேள்வியைப் பத்து வீட்டில் கேட்டால் அறிக்கையின் பாதி எழுதியாகிவிடும்.

தெபாசன் இருக்கும் ஊரில் 'ஹெக்டேருக்கு இத்தனை டன்' என்ற வரியையும் சந்தேகத்தோடு படியுங்கள். நின்ற பயிரை விற்றவர் நெல்லை எடை போட்டுப் பார்ப்பதே இல்லை. அந்த எண் வழக்கமாக இரண்டரை மீட்டர் சதுரத்தில் மாதிரி அறுவடை செய்து பெருக்கியதாகவோ, அலுவலர் மதிப்பீடாகவோ இருக்கும். விலை பேச ஒரு அளவுகோல் உண்டு: அரசு நிறுவனமான புலோக், அறுத்த ஈர நெல்லுக்கு 2025 ஜனவரி முதல் கிலோவுக்கு 6,500 ரூப்பியா என்ற கொள்முதல் விலையில் வாங்குகிறது. வியாபாரி கொடுத்ததை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிலப் பட்டியலில் 'சாவா' என்பது வயல், 'தெகல்' மேட்டுப் புஞ்சை, 'பெக்காரங்கன்' வீட்டைச் சுற்றிய தோட்டம். கிராமச் சொத்து என்ற வரியை மட்டும் விடாதீர்கள். ஜாவாவில் தலைவருக்கும் கிராம அதிகாரிகளுக்கும் சம்பளத்துக்குப் பதிலாக நிலம் விடும் 'பெங்கோக்' வழக்கம் பழையது. நம் பக்கத்து மானிய நிலம் மாதிரி. 2014ஆம் ஆண்டின் கிராமச் சட்டத்துக்குப் பிறகும் பல ஊர்களில் ஏதோ ஒரு வடிவில் அது இருக்கிறது. அதை யார் உழுகிறார்கள், குத்தகையா மாரோவா என்று தெரிந்தால் ஊரில் யாருக்கு யார் வேண்டியவர் என்பதும் பாதி தெரிந்துவிடும். முதியவர்கள் ஹெக்டேரில் பேச மாட்டார்கள். ஒரு 'ரு' சுமார் 14 சதுர மீட்டர், 500 ரு ஒரு 'பாவு', அதாவது ஹெக்டேரில் பத்தில் ஏழு பங்கு.

தண்ணீரைப் பொறுத்தவரை க்ளாத்தென் கொடுத்துவைத்த மாவட்டம். மெராபி எரிமலை அடிவாரத்தில் 'உம்புல்' எனப்படும் ஊற்றுகள் நிறைய. தண்ணீர் வற்றாத வயலில் ஆண்டுக்கு மூன்று போகமும் நெல்லே போடுவார்கள். இடைவெளி இல்லாததால் நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சிக்குக் கொண்டாட்டம். 2010, 2011இல் இந்த மாவட்டம் அதனிடம் மோசமாக அடிவாங்கியது. அடுத்தடுத்த வயல்களில் ஒரே சமயத்தில் நட்டிருக்கிறார்களா, மூன்றாம் போகத்துக்குச் சோளமோ சோயாவோ போடுகிறார்களா என்று கண்ணால் பார்த்தே குறிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ஒப்பீட்டுக்கு அதே மாவட்டத்துப் போங்கோக் கிராமத்தைப் பலர் காட்டுவார்கள். ஊற்றுக் குளத்தைச் சுற்றுலா இடமாக்கி, ஊரின் சொந்த நிறுவனம் வழியே நன்றாகச் சம்பாதித்த ஊர் அது. போய்ப் பாருங்கள், ஆனால் சாதாரண நெல் கிராமத்துக்கு அதை அளவுகோலாக வைக்காதீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், தங்கும் வீதியின் ஆர்.டி. (அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சின்ன நிர்வாகக் குழு) தலைவர் வீட்டிலிருந்து. 24 மணி நேரத்துக்கு மேல் தங்கும் விருந்தாளி அவரிடம் தகவல் சொல்ல வேண்டும். தெருமுனையிலேயே பலகை வைத்திருப்பார்கள். அடுத்து கிராம அலுவலகம். ஆண்டு வரவு செலவைப் பெரிய பேனராக வாசலில் கட்டும் வழக்கம் உண்டு, படம் எடுத்துக்கொள்ளுங்கள்; 2015 முதல் மத்திய அரசு தரும் கிராம நிதி எதற்குப் போகிறது என்று அதில் தெரியும். வட்டார அளவிலான புள்ளிவிவரப் புத்தகத்தைப் புள்ளியியல் துறையான பி.பி.எஸ். ஆண்டுதோறும் இணையத்தில் இலவசமாகப் போடுகிறது, கிளம்பும் முன்பே படித்துவிடுங்கள். சந்தை ஐந்து நாள் சுழற்சியில் கூடும் ஊராக இருந்தால் அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.

பெரியவர்கள் வீட்டிலும் வயலிலும் பேசுவது ஜாவா மொழி. இந்தோனேசிய மொழி மட்டும் கற்றுப் போனால் விளைச்சல் பங்குக் கணக்கு பேசும்போது தடுமாறுவீர்கள். உள்ளூர்ப் பெண் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டால் நடவுப் பெண்கள் தயங்காமல் பேசுவார்கள்.

கடைசியாக, சுற்றுலா விசாவில் போய் ஆய்வு நடத்தக் கூடாது. வெளிநாட்டவர் ஆய்வு அனுமதியைப் பிரின் என்ற தேசிய ஆய்வு முகமை கவனிக்கிறது. உங்கள் பயணம் ஆய்வா, பயிற்சியா என்பதை அழைக்கும் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்கிய பிறகே டிக்கெட் போடுங்கள்.