பாதிப் பாதியாகத் தெரியும் வளையம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஆய்வு மாணவி. நான் வளர்த்த இமிடசோலியம் உப்பின் படிகத்தை எக்ஸ்-கதிரில் படமெடுத்தால், அதன் மூலக்கூறிலுள்ள அணுக்களின் வளையம் இரண்டு நிலைகளில் பாதிப் பாதியாகத் தெரிகிறது. படிகம் கெட்டுவிட்டதென்று மீண்டும் வளர்க்கிறேன். புரோட்டான் கடத்துதிறனை எந்த ஈரப்பதத்தில் அளப்பது? எந்த மென்பொருள் நல்லது?

அன்புள்ள மாணவிக்கு,

மென்பொருளை உங்கள் ஆய்வகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். என்னை உறுத்துவது ‘கெட்டுவிட்டது’ என்ற உங்கள் சொல். மாணவனாக இருந்தபோது, அணுக்கள் நீண்டு உப்பிய நீள்வட்டங்களாகத் தெரிந்த ஒரே காரணத்துக்காக இப்படியொரு படிகத்தை நானும் கொட்டிவிட்டேன்; அந்த வருத்தம் இன்றும் தீரவில்லை.

இமிடசோல் வளையத்தின் இரு நைட்ரஜன்களில் ஒன்று புரோட்டானை வைத்திருக்கிறது, மற்றது ஏற்கக் காத்திருக்கிறது. ஒருபுறம் புதிய புரோட்டான் வந்து சேர, மறுபுறம் இருப்பது அடுத்த வளையத்துக்குத் தாவுகிறது. 1806-இல் குரோட்டஸ் என்ற வேதியியலாளர் நீருக்குச் சொன்ன கைமாற்றம் இதற்கு நெருங்கியதுதான். ஆனால் ஒருமுறை கைமாறியபின் வரிசையிலுள்ள எல்லா வளையங்களும் எதிர்ப்பக்கம் பார்த்து நின்றுவிடுகின்றன. அவை புரண்டு பழைய நிலைக்குத் திரும்பினால்தான் அடுத்த புரோட்டானுக்கு வழி பிறக்கும். நீங்கள் குறையென்று எண்ணும் ஒழுங்கின்மை அந்தப் புரளலாகவே இருக்கலாம்! சீசியம் ஹைட்ரஜன் சல்பேட் என்னும் கனிம உப்பில் ஏறத்தாழ 141 டிகிரி செல்சியஸில் சல்பேட் தொகுதிகள் திசை மாறிச் சுழலத் தொடங்கியதும் கடத்துதிறன் ஆயிரம் மடங்குக்கு மேல் தாவுகிறது.

‘இருக்கலாம்’ என்றுதான் சொல்கிறேன். எக்ஸ்-கதிர் தருவது எண்ணற்ற அலகுக்கூடுகளின், அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு கட்டங்களின், சராசரிப் படம். ஒவ்வொரு வளையமும் புரள்கிறதா, அல்லது பாதி வளையங்கள் இப்படியும் பாதி அப்படியும் உறைந்து கிடக்கின்றனவா என்பதை அந்த ஒரு படம் சொல்லாது. உறைந்த ஒழுங்கின்மை புரோட்டானுக்கு உதவாது. இவ்வளவு எழுதிய நீங்கள் எந்த வெப்பநிலையில் அளந்தீர்கள் என்று ஒரு சொல்கூட எழுதவில்லையே, அது எத்தனை பெரிய கவனக்குறைவு! அதே படிகத்தை 100 கெல்வினிலும் அறை வெப்பநிலையிலும் அளந்து பாருங்கள். இரு நிலைகளின் விகிதம் பாதியிலிருந்து நகர்ந்தால் வளையம் அசைகிறது. நகராவிட்டாலும் முடிவுகட்டாமல் திண்மநிலை டியூட்டீரிய என்.எம்.ஆருக்குச் செல்லுங்கள்; கன ஹைட்ரஜனின் காந்தச் சைகையைக் கொண்டு அசைவைக் காட்டும் முறை அது.

ஈரப்பதம் பிறகு. முதலில் உலர்ந்த நிலையில் அளவெடுங்கள். தூளின் மேற்பரப்பில் ஒட்டிய நீரே புரோட்டானைச் சுமந்துவிடும், நீங்கள் அதை உப்பின் திறன் என்று எழுதிவிடுவீர்கள்.

பழைய குப்பியை எறிந்துவிடவில்லையே? இன்றே மூடி வையுங்கள்.