காரைப் பார்க்கும் முன் வீட்டு எர்த்தைப் பாருங்கள்: மின்சாரக் கார் கேள்வி பதில்

பாளையங்கோட்டைப் பக்கம் வீட்டு வயரிங் வேலை எடுத்துச் செய்கிறேன், மின்சாரக் காரும் ஓட்டுகிறேன். அதனால் கார் வாங்கியவர்கள், வாங்கப் போகிறவர்கள் என்று பலரும் கேள்வி அனுப்புகிறார்கள். அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மேலப்பாளையத்திலிருந்து: அண்ணாச்சி, ஏசிக்குப் போட்ட 15 ஆம்பியர் பிளக் ஒன்று போர்டிகோவில் இருக்கு. அதிலேயே சார்ஜ் போடலாமா?

பிளக் 15 ஆம்பியர் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள் தம்பி. ஏசி கம்ப்ரசர் ஓடும், நிற்கும். கார் அப்படியில்லை, ராத்திரி முழுக்க எட்டு பத்து மணி நேரம் ஒரே சீராக இழுக்கும். பழைய வீடுகளில் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர்தான் போட்டிருப்பார்கள், அதுவும் நடுவில் இரண்டு மூன்று இடத்தில் ஜாயின்ட். சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து பிளக் டாப்பைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள். சாக்கெட் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழுந்திருந்தால், பிளாஸ்டிக் உருகும் வாடை வந்தால், அந்த சாக்கெட்டை அப்படியே கழற்றிப் போட்டுவிடுங்கள்.

செய்ய வேண்டியது: மெயின் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் செம்பு வயர், நடுவில் ஜாயின்ட் கூடாது. அதற்கென்று லோடு கூடினால் தானாக விழும் தனி எம்சிபி, கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் ஆர்சிசிபி, நல்ல கம்பெனி இண்டஸ்ட்ரியல் சாக்கெட். சில ஆயிரம் ரூபாய் ஆகும். பத்து லட்சத்துக்குக் கார் எடுத்துவிட்டு இதில் போய் மிச்சம் பிடிக்க வேண்டாம். 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் மாட்டுவதாக இருந்தால் மின்வாரிய ஆபீசில் வீட்டுக்கு அனுமதித்த லோடைக் கூட்டச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். அதையும் சேர்த்தே முடித்துவிடுங்கள்.

திசையன்விளையிலிருந்து: சார்ஜிங் கன் மாட்டினால் சிவப்பு விளக்கு எரியுது. ஷோரூமில் வீட்டுக் கரண்ட் சரியில்லைங்கிறாங்க, எலக்ட்ரீசியன் காரில்தான் கோளாறுங்கிறார். யாரை நம்ப?

உங்கள் ஊர் மண்ணைக் கேட்டால் சொல்லிவிடும். தேரி என்கிற செம்மணலில் ஈரம் நிற்காது, ஈரம் இல்லாத மண்ணில் எர்த், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் கம்பி, சரியாக வேலை செய்யாது. ஃபேனும் ஃபிரிட்ஜும் எர்த் இல்லாமலே ஓடிவிடுவதால் வீட்டில் எர்த் செத்துப்போனது வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாது. காரின் சார்ஜர் மட்டும்தான் எர்த்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கும். சரியில்லை என்றால் சிவப்பு காட்டி நின்றுவிடும். மீட்டரை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு வோல்ட் காட்டினால் பொதுவாக நல்லது. பத்து, இருபது என்று ஏறினால் எர்த்தோ நியூட்ரலோ சரியில்லை.

புதிதாக ஒரு எர்த் குழி போடுங்கள். மூன்று மீட்டர் ஆழம் இறங்கட்டும். செம்பு பூசிய கம்பியைச் சுற்றி பென்டோனைட் களிமண் நிரப்பினால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். சித்திரை, வைகாசியில் வாரத்துக்கு ஒருமுறை குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். வாழைக்கோ தென்னைக்கோ தண்ணீர் போகும் இடத்துப் பக்கமாகக் குழி எடுத்தால் இன்னும் நல்லது.

ஒன்று மட்டும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். சிவப்பு விளக்கை அணைக்க சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். கார் சமாதானமாக சார்ஜ் ஏறும். ஆனால் எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பு முழுக்க கரண்ட் நிற்கும். பிள்ளைகள் தொட்டு விளையாடுகிற பொருள் அது. அப்படிச் செய்து கொடுப்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பெருமாள்புரத்திலிருந்து: கரண்ட் பில் எவ்வளவு கூடும்?

மாதம் ஆயிரம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் கிடைத்தால், இரண்டு மாதத்துக்கு 330 யூனிட் சொச்சம். வீட்டுக்கு ஏற்கெனவே 350 ஆகிறது என்றால் மொத்தம் 680. நம் கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டும்போதுதான் உறைக்கும். கீழே இருந்த சலுகையும் குறையும், மேலே ஏறும் யூனிட் விலையும் கூடும். அப்படியும் இரண்டு மாதத்துக்குக் கூடுதலாக 3,000 ரூபாய்க்குள்தான் வரும். அதே 2,000 கிலோமீட்டருக்கு லிட்டருக்கு 15 கொடுக்கும் பெட்ரோல் காரில் 13,000 ரூபாய்க்கு மேல்.

மாடியில் இடம் இருந்தால் சூரிய மின்தகடு போடுங்கள். 3 கிலோவாட் போட்டால் மத்திய அரசின் பிஎம் சூரிய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம். நம் வெயிலுக்கு நாளொன்றுக்கு 12 யூனிட் வரை கிடைக்கும்.

களக்காட்டிலிருந்து: நாகர்கோவில் போகும்போது சார்ஜ் மடமடவென்று இறங்குது, திரும்பி வரும்போது அவ்வளவு இறங்கலை. பேட்டரி கோளாறா அண்ணாச்சி?

பேட்டரியில் ஒன்றுமில்லை, அது ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. வைகாசியிலிருந்து ஆவணி, புரட்டாசி வரை மேற்கேயிருந்து அந்த இடைவெளி வழியாகத்தான் காற்று பாய்ந்து வருகிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்கும் அதுதான் காரணம். காவல்கிணறு தாண்டி நாகர்கோவில் பக்கம் திரும்பினால் காற்று நேர் எதிரே.

நீங்கள் 80-ல் போகிறீர்கள், காற்று 40-ல் எதிரே வருகிறது என்றால் காருக்கு அது 120-ல் போவதாகத்தான் அர்த்தம். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். ஒன்றரை மடங்கு வேகத்துக்கு இரண்டே கால் மடங்கு தடை. பெட்ரோல் காரிலும் இதே செலவுதான், முள் மெதுவாக இறங்குவதால் கண்ணில் படுவதில்லை. அந்தப் பகுதியில் மட்டும் வேகத்தை 60-க்குக் குறையுங்கள், வித்தியாசம் உடனே திரையில் தெரியும். ஆடி மாதத்தில் பக்கக் காற்றும் வண்டியை இழுக்கும் என்பதால் பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது.

தென்காசியிலிருந்து: புனலூருக்கு மலைப்பாதையில் போய்வரலாமா?

தாராளமாக. புளியரை தாண்டி ஏறும்போது சார்ஜ் இறங்குவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டர் மாதிரி சுற்றி வண்டியைப் பிடிக்கும், அதில் ஒரு பகுதி சார்ஜ் திரும்ப ஏறும். மேலே எங்காவது தங்கி 100 சதவீதம் வரை சார்ஜ் போட்டுவிட்டு உடனே இறங்காதீர்கள். பேட்டரி நிறைந்திருந்தால் ஏற்றிக்கொள்ள இடமில்லை, மோட்டார் தரும் பிடிப்பு குறைந்து கால் பிரேக்கையே நம்பி இறங்க வேண்டிவரும். 85, 90 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாளையிலிருந்து: மதுரை ஆஸ்பத்திரிக்கு அம்மாவை அடிக்கடி கூட்டிப் போகணும். நடுவழியில் நின்னுருமோன்னு பயம்.

நான்குவழிச் சாலையில் மதுரை 160 கிலோமீட்டர்தான். 40 யூனிட்டுக்கு (கிலோவாட் ஹவர்) மேல் பேட்டரி உள்ள கார் என்றால் 85, 90 வேகத்தில் நிற்காமலே போய்ச் சேரலாம். சின்ன பேட்டரி என்றால் கோவில்பட்டியோ விருதுநகரோ ஒரு நிறுத்தம். சார்ஜ் 20 சதவீதத்துக்கு வரும்வரை விடாதீர்கள், 35 இருக்கும்போதே போட்டுவிடுங்கள். ஒரு சார்ஜர் வேலை செய்யாவிட்டால் அடுத்ததற்குப் போகச் சார்ஜ் கையில் இருக்க வேண்டும். சார்ஜிங் கம்பெனிகளின் இரண்டு மூன்று ஆப்களை முன்கூட்டியே போனில் போட்டு, அவற்றில் கொஞ்சம் பணமும் வைத்திருங்கள். 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் குறைந்துவிடும், மீதி 20-க்காகக் காத்திருப்பது வீண். அம்மா காரிலேயே உட்கார்ந்திருக்கட்டும், சார்ஜ் ஏறும்போதும் ஏசி ஓடும்.

வீரவநல்லூரிலிருந்து: வாடகை வீடு, வாசலில் பிளக் கிடையாது. வாங்கலாமா?

வீட்டுக்காரர் தனி லைன் போட அனுமதி தந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் இப்போது வேண்டாம். வெளிச் சார்ஜரையே நம்பினால் யூனிட்டுக்கு இரண்டு மூன்று மடங்கு விலை, 18 சதவீத ஜிஎஸ்டி வேறு.

துபாயிலிருந்து, வள்ளியூர்க்காரர்: வருஷத்தில் பத்து மாசம் கார் வீட்டில் சும்மா நிக்கும்.

பெரிய பேட்டரியை 50, 60 சதவீதத்தில் விட்டுச் செல்லுங்கள். 100-ல் மாதக்கணக்கில் நிறுத்துவது கெடுதல். ஆனால் முதலில் படுப்பது பானெட்டுக்குள் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி. அது இறங்கினால் பெரிய பேட்டரி நிறைய இருந்தாலும் கதவுகூட சரியாகத் திறக்காது. மச்சானிடம் சாவியைக் கொடுத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு சுற்று ஓட்டச் சொல்லுங்கள்.

சிந்துபூந்துறையிலிருந்து: 2023 டிசம்பர் வெள்ளம் மாதிரி திரும்ப வந்தால்?

மழை எச்சரிக்கை வந்ததும் காரை மேட்டுப் பகுதிக்குக் கொண்டுபோய் விடுங்கள். பேட்டரிப் பெட்டிகள் பெரும்பாலும் ஐபி67 தரத்தில் வருகின்றன. ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் கணக்கு. தாமிரபரணி இரண்டு நாள் வீட்டுக்குள் நின்றால் அந்தக் கணக்கு உதவாது. முங்கிய காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். காரின் நான்கு சக்கரமும் தரையில் படாதபடி லாரியில்தான் ஏற்ற வேண்டும், கயிறு கட்டி இழுத்தால் மோட்டார் போய்விடும். சுவர் சார்ஜரை 2023 தண்ணீர்க் கோட்டுக்கு மேலே மாட்டுங்கள். உங்கள் தெருவில் அந்தக் கறை இன்னும் சுவரில் இருக்கும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: பழைய மின்சாரக் கார் மலிவா வருது, எடுக்கலாமா அண்ணாச்சி?

சர்வீஸ் சென்டரில் பேட்டரியின் ஆரோக்கிய அறிக்கை எடுத்துத் தரச் சொல்லுங்கள். மீட்டரில் காட்டும் ரேஞ்சை வைத்து முடிவு செய்யாதீர்கள். பொதுவாக 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் பேட்டரி வாரண்டி இருக்கும். ஆயுள் முழுக்க வாரண்டி என்று விற்கப்பட்ட சில கார்களில் அது முதல் உரிமையாளருக்கு மட்டும்தான். உங்கள் பெயருக்கு மாறிய பிறகு எத்தனை வருஷம் மிச்சம் என்று எழுத்தில் வாங்கிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.